பிளகின்னுக்கும் வவுச்சர் வேண்டும்

பௌர்ணமி இரவில் கிரிவலக் கூட்டம் அடி அண்ணாமலையைத் தாண்டும்போது செல்போனில் சிக்னல் இருக்கும், நெட் இருக்காது. அந்த நேரம் பார்த்து ஊர்ப் பையன் ஒருவன் புது லேப்டாப்பில் ஜாவா புராஜக்ட்டை மேவன் வைத்து பில்ட் செய்ய உட்கார்ந்தால் கதை கந்தல்தான்! மேவன் தனியாக எதுவும் செய்யாது. கம்பைல் செய்ய ஒரு பிளகின், டெஸ்ட் ஓட்ட ஒரு பிளகின், ஜார் கட்ட ஒரு பிளகின்... எல்லாவற்றையும் முதல் தடவை மேவன் சென்ட்ரலில் இருந்துதான் இறக்கும்.

டெபியன் லினக்ஸில் இந்தப் பருப்பு வேகாது. அங்கே பொதி கட்டும்போது நெட்டைத் தொடக்கூடாது. பிளகின்களும் மூலநிரலில் இருந்து கட்டப்பட்டு டெபியனுக்குள்ளேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டுகிறார்கள்.

"இதெல்லாம் வெட்டி வேலை, டாக்கரில் போட்டால் முடிந்தது" என்று சொல்கிறவர்கள் உண்டு. வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா? 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது, ஆளாளுக்கு ஒரு ஜாரை உள்ளே பொத்தி வைத்திருந்த நிறுவனங்கள், அது எங்கெங்கே இருக்கிறது என்று தேடியே களைத்துப் போயின. டெபியனின் லாக்4ஜே பொதியை நம்பியிருந்த மென்பொருள்களுக்கு அந்த ஒரு பொதியைப் புதுப்பித்ததே போதுமாக இருந்தது.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடித்தளம் டெபியன்தான். 2011ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு அதுவும் வந்தது. (எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்!)

இதில் நஷ்டமும் உண்டு. 2023ல் வந்த டெபியன் 12ல் இருந்தது கிரேடில் 4.4.1, அதாவது 2017ன் சரக்கு. வெளியே கிரேடில் 8 வந்தாகிவிட்டது. புது கிரேடிலைக் கட்ட கோட்லின் வேண்டும், கோட்லினைக் கட்ட கோட்லினே வேண்டும். கோழியா முட்டையா? இதற்குப் பொதி கட்டுகிறவரைத் திட்டுவது அநியாயம். கருவியை இப்படி முடிச்சுப் போட்டு வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நம் கல்லூரிகளில் ஃபைனல் இயர் புராஜக்ட் என்றால் வருஷா வருஷம் அதே லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம். அதற்குப் பதில் குழுவுக்கு ஒரு பிளகின் என்று கொடுத்து, டெபியனுக்குப் பொதி கட்டச் சொல்லலாமே?