அழாத குழந்தைக்கு வலி இல்லையா?

சேலம், நாமக்கல் பக்கத்தில் காதுகுத்து விழாவைக் காணாதவர் இருக்க முடியாது. தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும். ஆசாரி ஊசியை எடுக்கும் நேரத்தில் ஒருவர் அதன் கையில் வாழைப்பழத்தைக் கொடுப்பார்; இன்னொருவர் கிலுகிலுப்பையை ஆட்டுவார்; "அதோ பார், காக்கா!" என்று மூன்றாமவர் கூவுவார். கவனம் வேறு பக்கம் திரும்பினால் வலி குறையும் என்பதை நம் பாட்டிமார்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

இன்று அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் குழந்தைகளுக்கு இதே வேலையைச் செல்பேசி விளையாட்டுகளும், கண்களில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவிகளும் செய்கின்றன. இது வெறும் ஏமாற்று வித்தையா, அறிவியலா?

அறிவியல்தான். 1965-ஆம் ஆண்டில் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு புதிய கருத்தை வெளியிட்டனர். வலி என்பது காயத்திலிருந்து மூளைக்கு நேரே ஓடும் தந்திச் செய்தி அன்று. வழியில், தண்டுவடத்தில், அதற்கு ஒரு வாயில் உண்டு என்றார்கள். மேட்டூர்க் கால்வாயின் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு தண்ணீர்தான் வயலுக்குப் பாயும். வலியின் மதகை ஏற்றி இறக்குவதில் மூளைக்கும் பங்கு உண்டு. அந்தக் கருத்தின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்துவிட்டது.

2012-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் இதை ஸ்கேன் மூலமே கண்டார்கள். கையில் சூடு வைத்துக்கொண்டே சிலருக்குக் கடினமான நினைவாற்றல் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் உணர்ந்த வலி குறைந்தது. தண்டுவடத்தில் வலிக்கான நரம்புச் செயலும் குறைந்தது. உடலே சுரக்கும் வலி நீக்கிகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது இந்தப் பலன் ஏறக்குறைய 40 விழுக்காடு குன்றியது. அதாவது, கவனம் திரும்பும்போது நம் உடல் தன் சொந்த மருந்தையே எடுத்துக் கொடுக்கிறது!

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் தீக்காயம்பட்ட சிறுவர்களிடம் இதைப் பயன்படுத்தினர். 'ஸ்னோ வேர்ல்டு' என்ற மெய்நிகர் பனி உலகில் பனிப்பந்து எறிந்துகொண்டிருக்கும்போதே புண்ணுக்குச் சிகிச்சை நடக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமான வலி மருந்தை அவர்கள் நிறுத்திவிடவில்லை. அதற்குத் துணையாகவே விளையாட்டைச் சேர்த்தார்கள். 2020-இல் இத்தகைய 17 ஆய்வுகளையும், அவற்றில் பங்குகொண்ட 1008 சிறுவர்களையும் ஒருசேரப் பரிசீலித்த காக்ரேன் குழு, சான்றுகள் இன்னும் வலுவாக இல்லை என்றே கூறியது. நம்பிக்கை தரும் துணைவன் என்று சொல்லலாம். மருந்துக்கு மாற்று என்று சொல்லக் கூடாது.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது பழமொழி. செல்பேசியில் ஆழ்ந்த பிள்ளை அழாது. அழாத பிள்ளைக்கு வலி இல்லை என்று பெற்றோர் எண்ணிக்கொண்டால், கொடுக்க வேண்டிய மருந்து தள்ளிப்போகும்; தையல் போட்ட இடம் வீங்குவதும் தாமதமாகவே தெரியவரும்.

இப்படிப்பட்ட தவறு மருத்துவ வரலாற்றில் முன்பே நடந்திருக்கிறது. 1980-களில்கூடப் பச்சிளங்குழந்தைகள் வலியை உணர மாட்டார்கள் என்று மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். தசைகளை அசையாமல் நிறுத்தும் மருந்தும் லேசான மயக்க வாயுவும் மட்டுமே கொடுத்து அறுவை செய்வதும் உண்டு. குழந்தை அசையாது, அழவும் முடியாது. இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், 1987-இல் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். சரியான வலி மருந்து பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில் அதிர்ச்சியைக் காட்டும் ஹார்மோன்கள் குறைவாக இருந்தன, பின்விளைவுகளும் குறைந்தன. மௌனம் வலியின்மைக்கு அடையாளம் அன்று என்பதை உலகம் அப்போது கற்றது. அந்தப் பாடத்தைச் செல்பேசியின் பெயரால் நாம் மறந்துவிடலாமா?

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இத்தகைய மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் விளையாட்டுத் திரைகள் வர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அவற்றுக்கு முன்பாக, ஒவ்வொரு கட்டிலருகிலும் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த வலி அளவு அட்டை வர வேண்டும். அட்டைக்கு மின்சாரமும் வேண்டாம். செலவும் மிகக் குறைவு.

உங்கள் தம்பியோ தங்கையோ மருத்துவமனையில் இருந்தால், நீங்களும் உதவலாம். சும்மா பார்க்கும் படத்தைவிட, கையும் மூளையும் வேலை செய்யும் விளையாட்டைக் கொடுங்கள். நாள் முழுதும் கொடுக்காமல், கட்டு மாற்றும்போதும் ஊசி போடும்போதும் கொடுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். செல்பேசி இல்லையென்றால் விடுகதை போடுங்கள். அதுவும் கவனத்தை இழுக்கும். விளையாட்டுக்கு முன்னும் பின்னும், "0 முதல் 10 வரை சொல், இப்போது எவ்வளவு வலிக்கிறது?" என்று கேளுங்கள். எண் ஏறினால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

"ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று யாராவது அதட்டினால், அழலாம் என்று துணிந்து சொல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்லும் குழந்தை மருத்துவருக்கு உதவி செய்கிறது.