விடுமுறை யார் பெயரில்?

பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமையன்று அமெரிக்க வங்கிகள் இயங்குவதில்லை. அங்கு வாழும் பிள்ளைகளிடமிருந்து பணம் எதிர்பார்க்கும் வாடிக்கையாளர்கள், “இன்று என்ன விடுமுறை?” என்று வினவுவதுண்டு. “அதிபர்கள் தினம்” என்பதே பலரும் கூறும் விடை. ஆயினும் அந்நாட்டின் கூட்டரசுச் சட்டத்தில் உள்ள பெயர் ‘வாஷிங்டன் பிறந்தநாள்’ என்பதுதான். மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் விடுமுறைப் பட்டியலும் அவ்வாறே குறிப்பிடுகிறது.

முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த பிப்ரவரி 22-ஆம் நாள், 1879-இல் தலைநகரின் கூட்டரசு அலுவலகங்களுக்கும், 1885-இல் நாடெங்கும் உள்ள கூட்டரசு அலுவலகங்களுக்கும் விடுமுறையாயிற்று. மக்களுக்குத் தொடர்ந்து மூன்று நாள் ஓய்வு கிடைக்கும் பொருட்டு, 1968-இல் இயற்றப்பட்டு 1971-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதனைத் திங்கட்கிழமைக்கு மாற்றியது. மூன்றாவது திங்கட்கிழமை 15-ஆம் தேதிக்கும் 21-ஆம் தேதிக்கும் இடையிலேயே வரும். ஆகவே, வாஷிங்டன் பிறந்தநாள் விடுமுறை அவர் பிறந்த தேதியில் வருவதே இல்லை!

தேதி நகர்ந்தபின் பெயரும் நழுவியது. பிப்ரவரி 12-இல் பிறந்த ஆபிரகாம் லிங்கனையும் சேர்த்து எண்ணினர் சிலர். அதிபர்கள் அனைவரையும் எண்ணினர் வேறு சிலர். மாநிலங்கள் சில தத்தம் விருப்பப்படி பெயரிட்டன. வணிகர்களின் தள்ளுபடி விளம்பரங்கள் ‘அதிபர்கள் தினம்’ என்பதை நாடெங்கும் பரப்பின.

எல்லோரையும் போற்றுவதில் என்ன குறை என்று கேட்கலாம். லிங்கனின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதிபர்கள் அனைவருக்கும் பொதுவானது பதவி ஒன்றே. வாஷிங்டனோ இரண்டு பதவிக்காலங்கள் முடிந்ததும், மூன்றாம் முறை வேண்டாமென்று 1797-இல் தாமாக விலகியவர். அவர் பெயரிலான நாள் ஒரு செயலைப் போற்றுகிறது. பொதுப்பெயரிலான நாள் நாற்காலியைப் போற்றுகிறது. பெறுபவர் பெயர் எழுதாமல் கையொப்பமிட்ட காசோலை, எடுத்தவர் கைக்குப் போய்விடும் என்பதை வங்கியில் பணியாற்றும் நாங்கள் நன்கறிவோம். பெயர் கலைந்த அவ்விடுமுறையும் கடைக்காரர் கைக்குப் போயிற்று.

நம் நாட்டில் காந்தி ஜயந்தி அக்டோபர் 2-ஆம் நாளிலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் வந்தாலும் மறுநாளுக்கு நகர்வதில்லை. விடுப்பு ஒன்று வீணாயிற்றே என்று அவ்வாண்டுகளில் வருந்துவோர் உண்டு. வங்கி ஊழியர்களாகிய நாங்களும் அதற்கு விலக்கல்ல. ஆயினும் அந்தச் சிறு இழப்பை ஏற்றுக்கொள்வதே நன்று என்பது எங்கள் கருத்து.