கறுப்புத் திரையைக் கண்டு பயப்பட வேண்டாம்

ஊர்ச் சொந்தங்களே, கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற மாதம் எமது பாடசாலைக் கணினி அறையில் பாதிக் கணினிகளுக்கு இன்டர்நெட் வரவில்லை. பார்க்க வந்தவர் பத்து நிமிடம் நின்றுவிட்டு, "சுவிட்ச் போய்ட்டு சேர், புதுசு போடணும்" என்றார். நாமும் வழமை போல அபிவிருத்திச் சங்கத்திடம் காசு கேட்கக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டோம்.

உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி, வேலை செய்யும் கணினி ஒன்றிலும் செய்யாத ஒன்றிலும் கட்டளைத் திரையைத் திறந்து 'ஐபிகான்பிக்' என்று அடித்தாள். ஒன்றில் நுழைவாயில் முகவரி 192.168.1.1. மற்றதில் 192.168.0.1. "சேர், நம்மட ஸ்கூல்ல ரெண்டு ரவுட்டரா இருக்கு?" என்று கேட்டாள். வயரைப் பிடித்துக்கொண்டு போனால், நூலகத்தில் ஒரு பழைய ரவுட்டர்! போனுக்கு வைபை எடுக்க யாரோ கொழுவி வைத்திருந்தார். யாரோ என்ன, நம்மில் ஒரு ஆசிரியர்தான். அதுவும் தன் பாட்டுக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. அதனிடம் முகவரி வாங்கிய கணினிகளுக்கு வெளியே போக வழியில்லை. வயரைக் கழற்றி, 'ரிலீஸ்', 'ரினியூ' என்று இரண்டு கட்டளை கொடுத்ததும் எல்லாம் சரி. ஒரு சதமும் செலவில்லை.

டிஎச்சிபி என்றால் என்ன என்று கேட்டால் எமது பிள்ளைகள் அழகாக வரைவிலக்கணம் எழுதுவார்கள். அது முகவரி கொடுப்பதையோ, கொடுக்காதபோது கணினி தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒன்றைப் போட்டுக்கொள்வதையோ அநேகர் கண்ணால் கண்டதில்லை. பிழை பிள்ளைகளிடம் இல்லை. கடந்தகால வினாத்தாளை முடிப்பதிலேயே பாடவேளையைக் கழிக்கும் நாமே பொறுப்பு.

வீடுகளிலும் இதே கதைதான். ஸூம் வகுப்பு இறுகினால் உடனே பெரிய பெக்கேஜுக்கு மாறுகிறோம். அதற்கு முன் நுழைவாயில் முகவரிக்கு ஒரு 'பிங்' அடித்துப் பாருங்கள். அங்கேயே பதில் தாமதித்தால் கோளாறு வீட்டுக்குள்தான். வைபை, சுவர், தூரம் என்று தேடலாம். பெக்கேஜை மாற்றி அது தீராது. நுழைவாயில் ஒழுங்காகப் பதில் தந்து 8.8.8.8 தராவிட்டால், ரவுட்டரையும் அதற்கு அப்பால் உள்ள லைனையும் பார்க்க வேண்டும். இரண்டும் பதில் தந்து தளத்தின் பெயர் மட்டும் திறக்காவிட்டால் டிஎன்எஸ்ஸில் சந்தேகப்படலாம். 'பிங்' உடன் '-டி' சேர்த்தால் நாம் நிறுத்தும் வரை அது ஓடும். கன்ட்ரோல், சி இரண்டையும் அழுத்தினால் எத்தனை போனது, எத்தனை தொலைந்தது என்று கணக்குக் காட்டும். "லைன் ஸ்லோ" என்று முறையிடுவதை விட அந்தக் கணக்கைச் சொல்லி முறையிட்டுப் பாருங்கள், பேச்சே மாறும்.

"கறுப்புத் திரையைத் திறந்தால் பிள்ளை ஹெக்கிங் பழகிவிடும்" என்று ஒரு தாய் பயந்தார். ஐபிகான்பிக், பிங், நெட்ஸ்டாட் எல்லாம் பார்க்கும் கட்டளைகள். 'நெட்ஷ்' மூலம் முகவரியை மாற்றுவதற்கு நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும். அது ஆசிரியரிடம்தான் இருக்கும். உண்மையில் பயப்பட வேண்டியது, அந்தக் கடவுச்சொல்லைக் கணினியிலேயே ஒட்டி வைக்கும் எமது பழக்கத்துக்குத்தான்.

பழைய மாணவர்களே, புதுக் கணினி தருகிறோம் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். வலையமைப்பு வேலை தெரிந்தவர்கள் மாதத்தில் ஒரு பின்னேரம் வந்து பிள்ளைகளோடு உட்காருங்கள். இந்தப் புதன்கிழமை பாடசாலை விட்ட பிறகு கணினி அறை திறந்திருக்கும்.