போனுக்கும் ஒரு வில்லங்கச் சான்று வேணும்



போன வருஷம் ஆவணியில, ஓணத்துக்கு ஒரு பத்து நாள் இருக்கும்போது, எங்க பெரியம்மா காலங்காத்தால வாசல்ல வந்து நின்னாங்க. கையில போன். முகத்துல கோவம்.

"ஏல, இந்தச் சனியனைக் கொளத்துல தூக்கிப் போடப் போறேன். அதுக்கு முன்ன நீ ஒரு தடவை பாத்திரு."

விஷயம் இதுதான். பெரியம்மா முக்கால் ஏக்கர்ல வெண்டை போட்டிருந்தாங்க. பாவூர்சத்திரம் சந்தைக்குத்தான் காய் போகும். அங்கிருந்து புளியரை வழியா கேரளாவுக்கு லோடு ஏறும். ஓணம் நெருங்க நெருங்க அந்தப் பக்கம் காய் தேவை கூடும், விலையும் ஏறும். கமிஷன் கடை அண்ணாச்சி முந்தின நாளே வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டுருவாரு, "நாளைக்குக் காய் வேணும், பறிச்சுருங்க"ன்னு. அந்தத் தடவை அவர் போட்ட வாய்ஸ் பெரியம்மாவுக்கு வந்து சேரல. போன்ல இடம் இல்லையாம். வெண்டைக்காய் ஒரு நாள் தள்ளினா முத்திரும். ரெண்டு மூட்டை முத்தினது முத்தினதுதான். பாதி விலைக்குக்கூட போகல.

போனை வாங்கிப் பாத்தேன். ஏழாயிரம் ரூபா போன், 32 ஜிபி. அதுல பாதிக்குப் பக்கம் சிஸ்டமே எடுத்துக்கிட்டு இருக்கு. மிச்சத்துல பெரியம்மா வாழ்நாள்ல தொடாத ஆப்கள் இருபதுக்கு மேல. ரம்மி மாதிரி ரெண்டு விளையாட்டு, ரெண்டு ஷாப்பிங், மூணு வீடியோ, இன்னொரு ஆப் ஸ்டோர், கம்பெனியோட பிரவுசர், கம்பெனியோட தீம் கடை. போனைத் திறக்கிறதுக்கு முன்னாடியே பூட்டுத் திரையில ஒரு விளம்பரம்: அஞ்சு நிமிஷத்துல கடன்.

"இதெல்லாம் நீங்க போட்டதா பெரியம்மா?"

"நான் எங்கல போட்டேன்? வாங்கும்போதே இருந்துச்சு. நான் கூப்பிடாம வந்தவனுக்கு நான் எதுக்குல எடம் குடுக்கணும்?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

பக்கத்து வீட்டுப் பையன் என்ஜினியரிங் படிக்கான். எட்டிப் பாத்துட்டு, "மாமா, ரூட் பண்ணிருவோம். எல்லாத்தையும் வழிச்சு எறிஞ்சிரலாம்"னான். வேண்டாம்னுட்டேன். ஏன்னா நான் அந்தப் பள்ளத்துல ஏற்கெனவே விழுந்து எந்திரிச்சவன்.

2015 வாக்குல என்கிட்ட ஒரு அஞ்சாயிரம் ரூபா போன் இருந்துச்சு. 4 ஜிபின்னு அட்டைப்பெட்டியில போட்டிருக்கும், நம்ம கைக்கு ரெண்டுகூட வராது. ஒரே சொடுக்குல ரூட் பண்ணித் தர்ற ஆப் ஒண்ணை இறக்கி அமுக்கினேன். ஆகிருச்சு. வரப்புல உக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சேன். முதல்தடவை பார்த்தீனியத்தை வேரோட புடுங்கினவன் மாதிரி ஒரு சந்தோஷம். அந்த வேகத்துல பேர் புரியாத ஒண்ணையும் அழிச்சுட்டேன். அவ்வளவுதான், போன் கம்பெனி லோகோவோட நின்னு போச்சு. தென்காசியில ஒரு கடையில முந்நூறு ரூபா கொடுத்து சாப்ட்வேர் ஏத்தினேன். போன் வந்துச்சு. மக காதுகுத்து போட்டோ ஒண்ணுகூட வரல.

ரூட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடுறது லினக்ஸ். லினக்ஸ்ல 'ரூட்'னா எதையும் செய்ய அதிகாரம் உள்ள பயனர், அதாவது வீட்டுக்காரர். போன் விக்கும்போது அந்தச் சாவியை நமக்குத் தர்றதில்ல. நாம வாடகைக்கு இருக்கிறவங்க மாதிரி. வீட்டுல இருக்கலாம், செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. அந்தச் சாவியை நாமளே செஞ்சுக்கிறதுதான் ரூட் பண்றது.

இன்னைக்கு அது 2015 மாதிரி ஒரு சொடுக்கு வேலை இல்ல. முதல்ல பூட்லோடர் பூட்டைத் திறக்கணும். திறந்தா போன்ல இருக்கிற அத்தனையும் அழிஞ்சிரும், அது பாதுகாப்புக்காகவே அப்படி வச்சிருக்காங்க. சில கம்பெனிகள் திறக்கவே விடுறதில்ல, சிலது காத்திருக்கச் சொல்லும். அதுக்கப்புறம் மேஜிஸ்க் மாதிரி ஒண்ணைப் போட்டு ரூட் எடுக்கணும். எடுத்துட்டா வங்கி ஆப்கள் பலது திறக்காது. போன் கம்பெனி கொடுத்தபடியே இருக்கா, யாராவது கை வச்சிருக்காங்களான்னு கூகுள் வழியா கேட்டுப் பாக்கிற ஏற்பாடு அதுகள்ல இருக்கு. வாரண்டி போற போனும் உண்டு.

பெரியம்மாவுக்குக் காய்ப் பணம் வர்றதே யுபிஐயில. வெண்டைக்காய் வாய்ஸைக் காப்பாத்தப் போய், வெண்டைக்காய்ப் பணத்தை அடைக்கவா?

இன்னொண்ணும் உண்டு. ரூட் பண்ணி சிஸ்டத்துல இருக்கிற ஆப்பை அழிச்சா இடம் கிடைச்சிரும்னு பலபேர் நினைக்காங்க. பெரும்பாலும் கிடைக்காது. சிஸ்டத்துக்கு ஒதுக்கின பகுதி வேற, நம்ம போட்டோவும் வாய்ஸும் இருக்கிற பகுதி வேற. களத்துமேட்டைக் காலி பண்ணினா வயல் பெருசாகாது. நம்ம பகுதியில இடத்தை அடைக்கிறது அந்த ஆப்களோட அப்டேட்டும் அது சேத்து வச்சிருக்கிற டேட்டாவும்தான். அதை எடுக்க ரூட் வேண்டாம்.

அதனால ரூட் இல்லாம என்ன செய்யலாமோ அதைச் செஞ்சோம். நீக்க முடியிறதை நீக்கினோம். நீக்க விடாததுல அப்டேட்டை எடுத்துட்டு முடக்கினோம். முடக்கவும் விடாததுக்கு லேப்டாப்பைக் கொண்டுவந்தான் பையன். போனோட செட்டிங்ஸ்ல பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் பகுதி திறக்கும். அதுல யுஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டு, கேபிள் மாட்டி, ஏடிபிங்கிற கருவி வழியா அந்தப் பயனருக்கு மட்டும் ஆப்பை எடுத்துரலாம். பேர் புரியாததைத் தொடல. கீபோர்டு, முகப்புத் திரை, கூகுள் பிளே சர்வீசஸ், போன் பேசுறது சம்பந்தப்பட்டது எதையும் தொடல. ஒவ்வொண்ணா எடுத்து, போனை அணைச்சுப் போட்டுப் பாத்து, அடுத்ததுக்குப் போனோம். முடிஞ்சதும் டீபக்கிங்கை மறக்காம அணைச்சோம்.

முக்கால் மணி நேரம். பதினேழு ஆப் போச்சு. பூட்டுத்திரை கடன் விளம்பரம் நின்னுச்சு. உண்மையையும் சொல்லிரணும்: காலியான இடத்துல பாதிக்கு மேல, உறவுக்காரங்க அனுப்பின குட்மார்னிங் பூவும் பிள்ளையாரும்தான். அது கம்பெனி குத்தம் இல்ல.

ஆனா நான் கேக்கிறது வேற. ஏழாயிரம் கொடுத்து வாங்கின பொருள்ல இருந்து வேண்டாததை எடுக்க, ஒரு என்ஜினியரிங் பையனும் ஒரு லேப்டாப்பும் எதுக்கு வேணும்?

கம்பெனிக்காரங்க சொல்ற பதில் நமக்கும் தெரியும். அந்த ஆப்களை ஏத்தித் தர்றதுக்குக் காசு வருது, அதனாலதான் போனை இவ்வளவு சல்லிசா கொடுக்க முடியுது. இது பொய் இல்ல. ஷாவ்மி 2018-லேயே, ஹார்ட்வேர்ல வரி போக 5 சதவீதத்துக்கு மேல லாபம் எடுக்க மாட்டோம்னு வெளிப்படையா அறிவிச்சுது. மிச்ச வருமானத்துக்கு விளம்பரமும் இணையச் சேவையும் இருக்கு. (பெரியம்மா போன் எந்தக் கம்பெனின்னு நான் சொல்லல, யூகிக்கவும் வேண்டாம். இது ஒரு கம்பெனி சமாச்சாரம் இல்ல.)

சரி, சல்லிசா கொடுக்கீங்க. அதை வாங்கும்போதே சொல்லிட்டுக் கொடுங்க. எங்க ஊர்ல நிலம் வாங்கினா பத்திர ஆபீஸ்ல வில்லங்கச் சான்று போட்டுப் பாக்காம அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம். யார் பேர்ல அடமானம் இருக்கு, யாருக்கு என்ன உரிமை இருக்குன்னு அதுல தெரியணும். தெரிஞ்சு வாங்கினா அது நம்ம பாடு. அட்டைப்பெட்டியில கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கொட்டை எழுத்துல போடுற கம்பெனி, உள்ள எத்தனை ஆப் ஏத்தியிருக்கோம், அதுல எதெல்லாம் நீங்க நீக்கவே முடியாது, எல்லாம் போக உங்க கைக்கு வர்ற இடம் எவ்வளவுன்னு மூணு வரி போட்டா என்ன? அதுதான் போனோட வில்லங்கம். அதுக்கு மேல, நீக்குறதுக்கு ஒரு பொத்தான்.

இது ஏதோ கிராமத்து ஆள் கனவு இல்ல. தென்கொரியாவுல 2014-லேயே முன்கூட்டி ஏத்தின ஆப்களை நீக்க வழி வேணும்னு அரசு நெறிமுறை போட்டுச்சு. ஐரோப்பாவுல டிஜிட்டல் சந்தைச் சட்டப்படி, 2024 மார்ச்ல இருந்து பெரிய கம்பெனிகள் தங்களோட ஆப்களை எளிதா நீக்க விடணும், சிஸ்டம் ஓடுறதுக்கு அவசியமானதைத் தவிர.

நம்ம நாட்டுலயும் பக்கத்துல வந்துச்சு. 2022 அக்டோபர்ல இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. அந்த உத்தரவுல, முன்கூட்டி ஏத்தின தன்னோட ஆப்களைப் பயனர் நீக்குறதைக் கூகுள் தடுக்கக் கூடாதுன்னும் ஒரு கட்டளை இருந்துச்சு. 2023 மார்ச் 29-ல தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வச்சுட்டு, நாலு கட்டளைகளை ரத்து பண்ணுச்சு. அந்த நாலுல இதுவும் ஒண்ணு. பேப்பர்ல எல்லாரும் கோடியைப் பத்திப் பேசினாங்க. பெரியம்மாவுக்கு வேண்டியது அந்த ஒரு வரி, அது போனதைப் பத்திப் பேச ஆள் இல்ல.

அப்புறம் 2025 நவம்பர் 28. சஞ்சார் சாத்தி ஆப்பைப் புது போன்கள்ல 90 நாளுக்குள்ள ஏத்தணும், முடக்குற மாதிரி இருக்கக் கூடாதுன்னு தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டுச்சு. எதிர்ப்புக் கிளம்பினதும் டிசம்பர் 3-ல கட்டாயம் இல்லைன்னு வாபஸ் வாங்கினாங்க. அந்த ஆப் கெட்ட ஆப் இல்ல. தொலைஞ்ச போனை முடக்கலாம், நம்ம பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு பாக்கலாம். நானே போட்டிருக்கேன். நானே போட்டேன், அதுதான் வித்தியாசம். அன்னைக்கு டவுன்ல இருக்கிற நீங்க எல்லாரும் சேந்து சத்தம் போட்டீங்க, அஞ்சு நாள்ல உத்தரவு மாறுச்சு. அதே சத்தம் ரம்மிக்கும் கடன் விளம்பரத்துக்கும் ஏன் இல்ல? அதுவும் கேக்காம உள்ள வந்ததுதானே?

இங்கிருந்து கூப்பிடு தூரத்துல மத்தளம்பாறையில ஜோஹோ இருக்கு. அவங்களோட அரட்டை ஆப்பை நான் பெருமையா நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன். நாளைக்கு அதையே நீக்க முடியாம ஏத்தி ஒரு போன் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன். நம்ம ஊர் ஆப்பா இருந்தாலும் கதவைத் தட்டிட்டு வரட்டும்.

போன வாரம் பெரியம்மா மறுபடி வந்தாங்க. சிஸ்டம் அப்டேட் ஆச்சாம், எடுத்ததுல ரெண்டு ஆப் திரும்ப வந்துட்டு. கோரையை மேலாக வெட்டினா இப்படித்தான், கிழங்கு உள்ள கிடக்கு. ஏடிபியில எடுத்ததுக்கு வேர் சிஸ்டத்துலயே இருக்கும். போனை மொத்தமா அழிச்சு ரீசெட் பண்ணினா அத்தனையும் முளைக்கும். அதனாலதான் சொல்றேன், நானும் பக்கத்து வீட்டுப் பையனும் செய்றது களையெடுப்பு மட்டும்தான். விதையை நிறுத்துறது சட்டம் செய்ய வேண்டிய வேலை.

அது வர்ற வரைக்கும் உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். சாரல் ஆரம்பிக்கப் போகுது. குத்தாலத்துக்கு வருவீங்க. ஐந்தருவியில குளிச்சிட்டு, பார்டர்ல பரோட்டா சாப்பிட்டுட்டு, அப்படியே ஊருக்குப் போய் அப்பா அம்மாவைப் பாப்பீங்க. அவங்க போனை வாங்கி ஒரு அரைமணி நேரம் உக்காருங்க. ரூட் எல்லாம் வேண்டாம். தேவையில்லாததை அவங்ககிட்ட கேட்டுக் கேட்டு நீக்குங்க, மிச்சத்தை முடக்குங்க, பூட்டுத்திரை விளம்பரத்தை அணைங்க. அவங்க போட்டோவை ஒரு பிரதி எடுத்து வைங்க. "இது வேணுமாம்மா, வேண்டாமா?"ன்னு அந்தப் போனை வாங்கின நாள்ல இருந்து அவங்ககிட்ட யாருமே கேட்டிருக்க மாட்டாங்க.

பெரியம்மா இந்தத் தடவையும் வெண்டைதான் போடுறாங்க. அண்ணாச்சி வாய்ஸ் வந்தா ஒழுங்கா கேக்குதான்னு தினமும் ஒருதடவை என்கிட்ட கொண்டாந்து காட்டிட்டுப் போறாங்க.