சிரமதானத்துக்கு மட்டுந்தானா ஊர்ச் சனம்?

மதவாச்சியிலிருந்து வருகிறவர்கள் மன்னார்த் தாம்போதியில் ஏறுவதற்கு முன்பே வங்காலைச் சரணாலயத்துக்குள் வந்துவிடுகிறார்கள். மாரி பெய்து களப்பு நிரம்பினால் வீதியோரமெல்லாம் பூநாரையும் வாத்துமாக நிற்கும். 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட 4,839 ஹெக்டயர் நிலம் இது. இந்தியா வழியாக வரும் வலசைப் பறவைகளுக்கு இலங்கையின் வாசல். மன்னாரில் கருவி பொருத்திப் பறக்கவிட்ட கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் மூலம் தொடர்ந்து பார்த்தார்கள்.

இந்த நிலத்தை யார் காப்பது என்று கேட்டால் வனசீவராசிகள் திணைக்களம் என்போம். ஆனால் நமது சட்டப்படி சரணாலயம் என்பது தேசியப் பூங்கா அல்ல. அதற்குள் தனியார் காணியும் இருக்கலாம், மரபுத் தொழிலும் நடக்கலாம். மாடு மேய்ப்பவரும் களப்பில் வலை வீசுபவரும் பறவைகளோடு அங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் மனம் வைக்காமல் அந்த நிலம் பிழைக்காது.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தைப் பாருங்கள். 1994இல் சரணாலய அறிவிப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே அவ்வூர் பறவைகளைக் காத்தது. வீட்டு மரத்தில் கூடு கட்டினால் அது யோகம் என்று நம்புகிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. அங்கே தொண்டு நிலைத்ததற்கு இதுதான் காரணம் என்பேன்: குளமும் மரமும் தங்களுடையவை என்ற உரிமை உணர்வு.

மன்னாரில் அந்த உரிமையைத்தான் கேட்காமலே பறிக்கிறோம். குப்பை பொறுக்கவும் கண்டல் நடவும் ஊர் இளைஞரை அழைக்கிறோம். மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் எழுந்தபோதும், சரணாலயத்தின் ஊடாக உயர்மின்கம்பி போனபோதும் அவர்கள் சொல் எடுபடவில்லை. பூநாரை தாழப் பறக்கும். அந்தி வெளிச்சத்தில் கம்பி தெரியாமல் மோதும். எந்தப் பக்கத்திலிருந்து எந்த நேரத்தில் கூட்டம் எழும் என்பது களப்பு மீனவருக்குத் தெரியும்.

காற்று மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாட்டுக்கு அது தேவை. எங்கே, எவ்வளவு, யாரைக் கேட்டு என்பதே வழக்கு. 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளை எதிர்த்து மன்னார்ச் சனம் இரவு பகலாக வீதியில் இருந்தபோது கேட்டதும் அதுதான். வெள்ளமும் மீன்பாடும் அவர்களுடைய முதற்கவலை என்பது உண்மை; ஆனால் வெள்ளத்தை வடியவிடும் தாழ்நிலமும் பறவை இறங்கும் தாழ்நிலமும் வேறு வேறல்ல. ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தினார். செப்டெம்பரில் காற்றாலைப் பாகங்கள் பொலிஸ் காவலோடு தீவுக்குள் வந்தன.

மன்னார் மாவட்டத்து விடத்தல்தீவிலும் இதே கதை. 2016இல் ஒதுக்கிய இயற்கைக் காப்பகத்தின் ஒரு பகுதியை 2024இல் நீர்வேளாண்மைக்காக வர்த்தமானி மூலம் விடுவித்தார்கள். சூழல் அமைப்புகள் போட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. ஒவ்வொரு முறையும் நீதிமன்றப் படியேறித்தான் காக்க வேண்டுமென்றால் ஏழை மீனவ ஊர் எத்தனை முறை ஏறும்?

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சிரமதானத்துக்கு அழைப்பதற்கு முன், மின்கம்பியின் வழியைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு வங்காலைக் கடற்றொழிலாளரை அழையுங்கள்.