தாபோவுக்கு அரை மணி, ஸ்வெட்டருக்கு ஒன்றரை மணி

எங்கள் ஊருக்குக் குறிஞ்சிப்பாடி என்று பேர் வைத்தவர் குறும்புக்காரராகத்தான் இருந்திருப்பார். குறிஞ்சி என்றால் மலை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்லு, கரும்பு, மல்லாட்டைக் கொல்லை. அதைத் தாண்டினால் நெய்வேலி. அங்கே சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுதான் நாங்கள் அறிந்த மலை. அதனால் அறுபது வயதுக்கு மேல் எனக்கு நிஜ மலை பார்க்கும் ஆசை வந்ததில் தப்பில்லை. போன விதத்தில்தான் தப்பு.

நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஆளுக்கு 38,000 ரூபாய் கட்டி நானும் வீட்டுக்காரியும் இமாசலப் பிரதேசத்து ஸ்பிதி பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம். வடலூர், நெய்வேலி, சேத்தியாத்தோப்பு ஆட்களோடு மொத்தம் 22 பேர். டூர்காரரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய்ப்பு வராது. மணாலி வழியாகச் சட்டென்று மேலே ஏற்றாமல், சிம்லா, கின்னௌர் என்று கொஞ்சம் கொஞ்சமாக உயரத்துக்குக் கூட்டிப்போனார். அந்தப் புண்ணியத்தில் ஒருவருக்கும் மூச்சு முட்டவில்லை. இரண்டு பேருக்குத் தலைவலி, அவ்வளவுதான்.

சட்லெஜ் ஆற்றில் ஸ்பிதி ஆறு வந்து கலக்கிற இடத்துக்குப் பேர் கப். அதற்கு மேல் மரம் மட்டை கிடையாது. மழை மேகத்தை எல்லாம் தெற்கே இருக்கிற மலைத்தொடரே மறித்துக்கொள்கிறது. மஞ்சளும் செம்மண்ணும் சாம்பலுமாக மலைகள். நடுவில் நூல் பிடித்த மாதிரி ஆறு. ஆற்றோரத்தில் ஒரு முழம் பச்சை என்றால் அது பட்டாணியோ பார்லியோ. ஸ்பிதி என்ற சொல்லுக்கு நடுநாடு என்று பொருள் சொல்கிறார்கள். திபெத்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே இருக்கிற நாடு. பஸ்ஸில் அந்நேரம் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். "சார், தூக்கம் வந்துடும் சார்" என்றான் பின் சீட்டுத் தம்பி. தூங்கினால் என்ன, மலை கோபித்துக்கொள்ளுமா?

சோற்றுக் கதை தனி. சாம்பார்ப் பொடி, புளி, அப்பளம், சமையல்காரர், எல்லாம் கூடவே வந்தன. ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா போன்ற உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், சோறு வேகாது, குக்கர் இருந்தால்தான் ஆகும். குக்கர் ஒன்றே ஒன்று. 22 பேருக்கு நாலு தடவை வடிக்க வேண்டும். அந்தச் சோற்றுக்காகக் காலையில் இரண்டு மணி நேரமும் இரவில் இரண்டு மணி நேரமும் போயிற்று. வழிநெடுக ஒவ்வொரு கடையிலும் சுடச்சுடத் துக்பா கிடைக்கிறது. கோதுமை நூடுல்ஸும் காய்கறியும் போட்ட சூப்புதான், ஒன்றும் விஷமில்லை. "நமக்கு ஒத்துக்காதுங்க" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள், ஒரு கரண்டிகூட வாயில் வைத்துப் பார்க்காமல்.

பாலங்களிலும் கணவாய்களிலும் கட்டியிருக்கும் ஐந்து வண்ணக் கொடித்துணிகளுக்கு லுங்தா என்று பேர். காற்றுக் குதிரை என்று அர்த்தம். துணியில் அச்சடித்த மந்திரத்தைக் காற்றே ஓதிக்கொண்டு போகிறது என்பது அந்த ஊர்க்காரர்கள் நம்பிக்கை. நான் இதைச் சொன்னதும், "லுங்தாவா, நம்ம ஊரு லுங்கியா?" என்று ஒருவர் கேட்டார். கைலிக்குப் பேர்போன ஊர்க்காரன், நானும் சிரித்தேன். அவரே மறுநாள் ஒரு கொடிவரிசையை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டார், காரில் கட்டுவதற்காம். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாரியம்மன் கோயில் வேப்பிலைத் தோரணத்தை எவனோ ஒரு டூரிஸ்ட் அறுத்துக்கொண்டு போனால் சும்மா விடுவோமா?

ஸ்தூபியையும் மந்திரக் கல்சுவரையும் வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவது அங்கே வழக்கம். வலம் வருதல் என்று நமக்குச் சொல்லே இருக்கிறது. போட்டோவுக்கு வெளிச்சம் சரியாக விழவில்லை என்று எங்கள் கூட்டம் இடமாகச் சுற்றிற்று. கீ என்ற பௌத்த மடத்தில் ஏழெட்டு வயதுச் சிறுவர்கள் காவி உடையில் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனைப் பிடித்து நிறுத்தி, கன்னத்தைக் கிள்ளி, ஒன்பது செல்ஃபி. நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் எவனாவது அப்படிப் பிடித்தால் போலீசுக்குப் போவோம். இதே ஆட்கள் வடலூர் சத்திய ஞான சபையில் வாய்பொத்தி, கைகட்டி நிற்கிறவர்கள். நம் சாமி என்றால் சாமி, அடுத்தவன் சாமி என்றால் சீனரியா?

இதெல்லாம்கூடப் போகட்டும். தாபோவில் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

தாபோ மடம் கட்டப்பட்டது 996இல். குகே நாட்டு அரசர் யேஷே ஓ கட்டியது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 14 வயது மூத்தது. பெரிய கோயில் கருங்கல், இது வெறும் மண். மண் செங்கல், மண் பூச்சு. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் புயலுக்குப் பயந்து, 2011இல் தானே புயலில் கண்ணெதிரே மண்சுவர்கள் கரைந்து விழுந்ததைப் பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு, ஆயிரம் வருஷத்து மண்சுவர் என்பது நம்பவே முடியாத சங்கதி. கை வைத்துப் பார்க்கத் துடித்தது. வைக்கக் கூடாது, வைக்கவில்லை.

எங்கள் அட்டவணையில் தாபோவுக்கு ஒதுக்கியது அரை மணி. வழியில் பாறை சரிந்து வண்டி நின்றதில் அதிலும் ஐந்து நிமிடம் குறைந்தது. உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், பாதிப் பேர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "போட்டோ எடுக்க முடியாதுன்னா உள்ள போயி இன்னாத்த பண்றது?" இது நான் காதால் கேட்டது. சொன்னவர் ஓய்வு பெற்ற வாத்தியார்.

உள்ளே இருட்டு. கண் பழகவே ஐந்து நிமிடம் ஆகிறது. பழகிய பிறகு, நாலு திசையும் பார்த்தபடி நான்கு உருவாய் அமர்ந்த வைரோசனர் என்ற புத்தர் முதலில் தெரிந்தார். அப்புறம் சுவரிலிருந்து ஒவ்வொன்றாக முப்பதுக்கும் மேற்பட்ட சுதைச் சிலைகள், தாமரையில் உட்கார்ந்தபடி அந்தரத்தில் மிதப்பதுபோல. சிலைகளுக்குக் கீழே நீளமாக ஓவியப் பட்டை. ஆட்கள், மாளிகைகள், யாரோ நடந்து போகிறார்கள். நெசவுக்காரன் புத்தி, முதலில் அவர்கள் உடுத்திய துணியைத்தான் பார்த்தேன். குனிந்து முதல் கட்டத்தைப் பார்ப்பதற்குள் வெளியிலிருந்து விசில்.

"சார், வாங்க சார். காஸா போயி மார்க்கெட் பாக்கணும்."

"ஒரு பத்து நிமிஷம் தம்பி."

"லேடீஸெல்லாம் வண்டில ஏறிட்டாங்க சார்."

என் வீட்டுக்காரி ஏறவில்லை. அவளும் என் பக்கத்தில்தான் நின்றாள். "ஏங்க, அவங்க பாட்டுக்குப் போவட்டும், நாம இங்கியே இருந்துடலாமா?" என்றாள். நான்தான் பயந்தாங்கொள்ளி. ஏறிவிட்டேன்.

காஸா மார்க்கெட்டில் ஒன்றரை மணி நேரம். ஸ்வெட்டர், சால்வை, குல்லா. ஊட்டியில் திபெத்தியர் கடைகளில் விற்கிற அதே ஸ்வெட்டர். பின்கழுத்துத் துணியைத் திருப்பிப் பார்த்தால் லூதியானா. மறுநாள் 4,400 மீட்டர் உயரத்து ஹிக்கிம் அஞ்சலகத்தில் கார்டு போட ஒரு மணி நேரம் வரிசை. எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது.

ஊர் திரும்பிய பிறகு மகள் சென்னையிலிருந்து தாபோவைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கி அனுப்பினாள். இங்கிலீஷ் புத்தகம், அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். போவதற்கு முன்பே படித்திருக்க வேண்டியது, அது என் மீதுள்ள குற்றம். நான் குனிந்து பார்க்கப்போய் விட்டுவந்த அந்த ஓவியப் பட்டையில் ஒரு கதை இருக்கிறதாம். சுதனன் என்ற வணிகர் மகன் ஞானம் தேடி நடக்கிற கதை. கண்டவியூகம் என்ற பௌத்த நூலில் வருவது. ஜாவாவின் போரோபுதூர் சுவர்களிலும் இதே கதையைச் செதுக்கியிருக்கிறார்கள். சுதனன் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசான்களைத் தேடிப்போகிறான். துறவி, அரசன், வாசனைத் திரவியம் விற்பவர், கப்பலோட்டி, கணிகை என்று யாரையும் விடவில்லை. முதலில் தெற்கு நோக்கி நடக்கிறான். தொடக்கத்திலேயே அவன் போய்ச் சேருகிற ஆசான்களில் ஒருவர் மேகர். எழுத்திலும் ஒலியிலும் வல்லவர். அவர் ஊர் இருப்பது திராவிட நாட்டில்.

படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். இமயமலைக்கு அந்தண்டை மண்சுவரில் தீட்டிய கதையில் ஒருவன் நம் பக்கத்துக்குப் படிக்க வருகிறான். நாம் இங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டர் போய், அந்தச் சுவருக்கு எதிரே நின்று, விசில் சத்தம் கேட்டதும் ஓடிவருகிறோம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. பள்ளிக்கூடத்தில் அணிக்கு இலக்கணம் என்று நம்மைப் பாடாய்ப் படுத்திய தண்டியலங்காரம், காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த தண்டி எழுதிய காவியாதரிசத்தின் வழி வந்தது. அந்தக் காவியாதரிசம் 13ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழிக்குப் போனது. அதன் பிறகு திபெத்திய மடங்களில் கவிதை இலக்கணம் படிப்பவர்களுக்கு அதுதான் பாடம். நாம் கன்னத்தைக் கிள்ளிய அந்தப் பையன் நாளைக்கு அதைப் படிப்பானோ என்னவோ. தாபோ எழுந்து பத்து வருஷம்போல் ஆனபோது இங்கே நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே எழுதிவைத்தான். அந்த விகாரம் இன்று இல்லை. எங்கள் பக்கத்துச் சிதம்பரத்தில் பௌத்தரைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரே கதை, மாணிக்கவாசகர் அவர்களை வாதத்தில் வென்றார் என்பதுதான். வென்றோம் சரி, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டோமா?

ஹிக்கிமில் எனக்கே நான் போட்ட கார்டு மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது. "இங்கு அனைவரும் நலம். குளிர் ஜாஸ்தி" என்று எழுதியிருக்கிறேன்.

இந்த வருஷம் ஸ்பிதிக்குப் பணம் கட்டியிருக்கிறவர்கள் டூர்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள். தாபோவில் ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டும் என்று சொல்லுங்கள். மடத்திலேயே தங்கும் விடுதி இருக்கிறது. ஸ்வெட்டரைக் கடலூரிலேயே வாங்கிக்கொள்ளலாம். கையில் சின்னதாக ஒரு டார்ச் லைட் மட்டும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.