மலைநாடும் மறைபடையும்

மெய்ப்பொருள் நாயனாரை முத்தநாதன் கொன்ற கதையை நம் ஆசிரியர்கள் வகுப்பிலே எத்தனையோ முறை சொல்லியிருப்பார்கள். களத்திலே பலமுறை தோற்றவன், மெய்யெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, கையிலே ஏட்டுக்கட்டு ஒன்றுடன் திருக்கோவலூர் அரண்மனைக்குள் நுழைகிறான். கட்டினுள்ளே இருப்பது படைக்கலம். வாயிற்காவலர் எவரும் தடுத்தாரில்லை. தத்தன் ஒருவனே அரசர் துயில்கிறார் என்று சொல்லிப் பார்க்கிறான். அதற்கு மேல் அவனாலும் ஒன்றும் இயலவில்லை. இக்கதையை அடியார் பக்திக்கு எடுத்துக்காட்டாகவே நாம் படிப்பித்து வருகிறோம். மறைத்த படையின் இயல்பைப் பற்றியும் அதிலே ஒரு பாடம் உண்டு. வெளியே தெரியும் வாளைக் கண்டால் ஒருவன் விலகலாம், எதிர்க்கலாம், பணியவும் செய்யலாம். மறைந்திருக்கும் வாளின் முன்னே அவனுக்கு இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பே இல்லை.

இவ்வாறு மறைத்துக்கொண்டு திரிவதைக் குடிமகனின் உரிமையென்று சட்டமாக்கிய நாடு இன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் பல, அனுமதிப்பத்திரம் பெற்றவன் சட்டைக்குள்ளே கைத்துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம் என்று முதலிலே கூறின. பின்னர் அப்பத்திரமும் வேண்டாம் என்றன. 2024ஆம் ஆண்டளவிலே பத்திரமின்றியே இதற்கு இடங்கொடுத்த மாநிலங்கள் 29. தக்க காரணம் காட்டுவோருக்கே பத்திரம் என்றிருந்த நியூயோர்க் மாநிலத்தின் பழைய சட்டத்தையும் 2022 யூன் 23ஆம் நாள் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அமெரிக்கப் பேச்சு அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் எதற்கென்று கேட்பீர்கள். அது இங்கும் வந்துவிட்டது. தற்காப்புக்கென்று துப்பாக்கி பெற்றிருந்தோர் யாவரும் 2024 நவம்பர் 7ஆம் நாளுக்கு முன்னர் அவற்றை மீள ஒப்படைக்க வேண்டும், மறுபரிசீலனைக்குப் பின்னரே எவர்க்குத் தகும் என்பது முடிவாகும் எனப் பாதுகாப்பு அமைச்சு பணித்தது. நல்ல செயல். ஆயின் 2025 அக்டோபர் 22இல் வெலிகமப் பிரதேச சபைத் தலைவர் தம் அலுவலகத்தினுள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னே, மக்கள் பிரதிநிதிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், துப்பாக்கி வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அச்சம் உண்மையானது, அதனை எள்ளி நகையாட நான் வரவில்லை. மலையகத்து நண்பர் சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, “இத்தனை காலமும் எல்லாரிடமும் துவக்கு இருந்தது, எங்களிடந்தான் இல்லை, அடி வாங்கியவர்கள் நாங்கள். இப்போதாவது எங்கள் தலைவர்க்கும் வணிகர்க்கும் இளைஞர்க்கும் அனுமதி கேட்டால் என்ன?” என்கின்றனர். இவ்வினாவை இலேசாகத் தட்டிவிடலாகாது. அவர்கள் சொல்லும் முற்பகுதி முழு உண்மை.

இம்மலைகளின் வரலாற்றிலே துப்பாக்கி எவர் கையில் இருந்ததென்று பாருங்கள். கோப்பிச் செடி வருமுன்னும் வந்த பின்னும் இங்கே யானைகள் இருந்தன. மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்வர். 1845இல் அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்ட அவருடைய கல்லறை நுவரெலியாவிலே இருக்கிறது. நுவரெலியாவிலே குடியேறிப் பண்ணை வைத்த சாமுவேல் பேக்கர் தம் வேட்டைப் பெருமையை ஒரு நூலாகவே எழுதி வைத்தார். அதே மலைகளுக்குத் தலைமன்னாரிலிருந்தும் மாத்தளை வழியாகவும் கால்நடையாக வந்த நம் முன்னோர் கையிலே கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியுமே இருந்தன. 1900ஆம் ஆண்டு கண்டியிலே தோட்டத்துரைமார் றைபிள் படை என்றொரு தொண்டர் படை அமைந்தது. வெள்ளைத் துரைமாருக்கென்றே அமைந்த அது 1949 வரை நின்று பிடித்தது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது துரைமார் பலர் துவக்கேந்தி நாட்டை அடக்கப் புறப்பட்டனர். அதற்கு மறு ஆண்டிலே பிறந்ததுதான் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம். திருத்தங்கள் பல கண்டும் இன்றளவும் நம்மை ஆளுவது அதுவே.

அச்சட்டத்தின் சொற்களிலே இனமும் இல்லை, நிறமும் இல்லை. அனுமதி கேட்பவன் தகுந்தவனா என்று அதிகாரி தீர்மானிப்பார், ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் அந்த அதிகாரி தகுதியை எதனால் அளந்தார்? காணியுடையவன் தகுந்தவன், பதவியுடையவன் தகுந்தவன். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவனாக்கப்பட்டு, படுத்துறங்கும் காம்பராவுக்கும் உறுதியில்லாதவனாகக் கிடந்த தோட்டத் தொழிலாளி கச்சேரிப் படியேறி எதனைக் காட்டுவான்? பங்களாச் சுவரிலே மான் கொம்புக்குக் கீழே துப்பாக்கி தொங்கியதற்கும், லயத்துச் சுவரிலே கொழுந்துக் கூடை தொங்கியதற்கும் காரணம் ஒன்றே. அது காணி உறுதி.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்தால் குடகு நாடு; அதுவும் நம்முடையதைப் போலக் கோப்பி விளையும் மலை. அங்கே கொடவ இனத்தாருக்கும் ஜம்மா நிலமுடையாருக்கும் அனுமதிப்பத்திரமே வேண்டா என்ற விலக்கை ஆங்கில ஆட்சி வழங்கியது. சுதந்திர இந்தியாவும் அதனைத் தொடர்ந்து, 2019இல் மேலும் பத்தாண்டு நீட்டித்தது. நிலத்தோடும் பிறப்போடும் துவக்கு ஒட்டிக்கொண்டு வருவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? அக்கோப்பிக் காட்டிலே கூலிக்குப் பழம் பறிப்பவனுக்கு அவ்விலக்கு இல்லை.

சரி, துவக்கு இல்லாத நம்மவர் எப்படி மாண்டனர்? 1940 ஜனவரியிலே ஹேவாஹெட்டைப் பகுதி மூலோயாத் தோட்டத்திலே வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் இறந்தான். 1956இல் டயகமத் தோட்டத்துப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானவர் ஏப்ரகாம் சிங்கோ என்னும் சிங்களத் தொழிலாளி. இப்பெயரை நம் மாணவர்க்கு நாம் போதிய அளவு சொல்லிக்கொடுப்பதில்லை. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணியில் 7,000 ஏக்கரைப் பிரித்தெடுப்பதை எதிர்த்து எழுந்தவர்களுள் டெவன் தோட்டத்துச் சிவனு இலட்சுமணன் பொலிஸ் குண்டுக்குப் பலியானான். இவை வேலையும் சம்பளமும் காணியும் கேட்டு நின்றவர்களின் மரணங்கள். அதன் பின்னர் 1977 ஆகஸ்டிலும் 1981இலும் 1983இலும் லயங்களுக்குத் தீ வைத்தவர்களோ பொலிஸாருமல்லர், துரைமாருமல்லர். இரவிலே வந்த கூட்டத்தார். “அன்று எங்கள் கையில் ஒரு துவக்கு இருந்திருந்தால்” என்று பெருமூச்செறியும் கிழவரை நோக்கி அகிம்சைப் பிரசங்கம் செய்ய எனக்கு நா எழாது.

ஆனாலும் நான் மறுக்கிறேன். மறுப்பதற்குரிய காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

கோவிந்தனின் மரணம் எப்படி ஒரு நாட்டு விவகாரம் ஆயிற்று? விசாரணைக் குழு அமர்ந்தது. அவன் மனைவியின் சார்பிலே கொல்வின் ஆர். டி சில்வா எழுந்து நின்று வாதாடினார். வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகள் சம்பந்தமாக உள்நாட்டு மந்திரி சேர் பாரன் ஜயதிலகவுக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் பிணக்கு மூண்டது. தேசாதிபதி கால்டிகொற் பொலிஸ் மா அதிபரின் பக்கம் சாய, மந்திரிகள் ஒருங்கே பதவி துறந்தனர். ஒரு கூலியாளின் சாவு தேசாதிபதியின் மாளிகை வரை சென்று கதவைத் தட்டியது. அவனிடம் துவக்கு இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாமையே அவ்வழக்கின் உயிர். அவன் மடியிலே ஒரு கைத்துப்பாக்கி அகப்பட்டிருந்தால், பத்திரம் பெற்ற துப்பாக்கியாயினும் ஆகுக, அன்றைக்கே கோப்பு மூடப்பட்டிருக்கும்.

அமெரிக்காவிலே இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1956இல் மொன்ட்கொமரி நகரிலே மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டிலே குண்டு வெடித்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் காக்க, மறைத்துச் செல்லும் துப்பாக்கிக்கு அனுமதி கேட்டு அவர் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். ஊரிலே அவரைவிட அஞ்சத்தக்க நிலையில் இருந்தவர் எவர்? அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட பத்திரம் எவரிடம் போய்ச் சேரும் என்பதை இது காட்டுகிறது. ஆகையினாற்றான், கேட்டவர்க்கெல்லாம் கொடு, அதிகாரி முகம் பாராமல் கொடு என்று அங்கே பின்னர் வாதித்தனர். அவ்வாதத்திலே நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆனால் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தாலும் வாங்கக்கூடியவனே வாங்குவான். 1,350 ரூபா நாட்சம்பளத்தை 2024இல் வர்த்தமானியிலே காண்பதற்குள் நம்மவர் எத்தனை ஆண்டு தெருவிலே நின்றனர்! அந்தச் சம்பளத்திலே கைத்துப்பாக்கி வாங்குவது எப்படி? வாங்குபவன் வட்டிக்கடைக்காரனாக இருப்பான்; சாராயக் கடைக்காரனாக இருப்பான்; தொழிற்சங்கத் தலைவனின் பக்கத்திலே நிற்பவனாக இருப்பான். கடனைத் திருப்பிக் கேட்கும்போது அவன் இடுப்பை நாம் பார்த்துக்கொண்டே பேச வேண்டிவரும்.

இன்னொன்று. மறைத்துச் செல்ல அனுமதி கிடைக்கலாம். மறைத்து வைக்க இடம் எங்கே? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலே அறுவர் உறங்குகின்றனர். பள்ளிப் புத்தகத்தையே வைக்க இடமின்றி அரிசிப் பெட்டிமேல் அடுக்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் அறிவர். அந்த அறையிலே பிள்ளையின் கைக்கெட்டாத உயரம் என்று ஒன்றில்லை. சம்பள நாளிரவு சுவருக்கு அப்பாலிருந்து வரும் சண்டைச் சத்தம் பலகை வரிசை முழுவதற்கும் கேட்கும். அச்சண்டையிலே விறகுக் கட்டைக்குப் பதில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

பயிர்க் காவலுக்கென்று கேட்கும் துவக்கின் கதை வேறு. கைத்துப்பாக்கிக்கு அனுமதி பாதுகாப்பு அமைச்சிடம் இருக்கிறது. தோட்டந் துரவு காக்கும் துவக்குக்கு மாவட்டச் செயலாளரிடம் போகவேண்டும். இது மறைபடையன்று, தோளிலே தெரிய நடப்பது. குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண்மேல் நின்று கவண் எறிந்து தினைப்புனங் காத்ததைச் சங்க நூல்களிலே படிக்கிறோம். இன்று அதே வேலையை லயத்துக்குப் பின்புறத்து மரக்கறிப் பாத்தியிலே தகரம் தட்டியும் வெடி கொளுத்தியும் செய்கின்றனர். பன்றி கேட்பதாயில்லை, முள்ளம்பன்றி அதைவிட மோசம். காணி கம்பெனியுடையதாகையால் பாத்திக்காரனுக்கு உறுதியில்லை; உறுதியில்லாமையால் துவக்கும் இல்லை. ஆகவே வேலியோரம் கம்பிச் சுருக்கு. துணிந்தவன் கட்டுத்துவக்கும் வைப்பான். இறைச்சிக்கென்றே சுருக்கு வைப்போரும் இல்லாமலில்லை. அவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனால் சுருக்குக்குப் பன்றியென்றும் சிறுத்தையென்றும் தெரியாது. கட்டுத்துவக்குக்கு மனிதனையும் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்து லக்ஷபானத் தோட்டத்திலே கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கிலே அகப்பட்டு, மீட்கப்பட்ட பின்னும் சில நாளிலே மாண்டது. அரிதினும் அரிதான உயிர். நாடே அழுதது, அச்சுருக்கு வைக்கப்பட்ட நிலத்தின் நிலைமையைப் பற்றி எவரும் அதிகம் பேசவில்லை.

இங்கே கேட்க வேண்டியது காணி உறுதி. 7 பேர்ச் என்று வாக்களித்த அரசுகள் வந்தன, போயின. உறுதி பெற்றவன் வேலியடைப்பான். அழிவுக்கு நட்டஈடு கேட்பான். தேவையானால் மற்றக் கமக்காரனைப் போலவே நேர்வழியிலே பயிர்க்காவல் துவக்குக்கும் விண்ணப்பிப்பான். ஒரு பிரிவிலே நாலைந்து பேர் பெயர் தெரிய, இலக்கம் தெரிய அதனை வைத்திருப்பதற்கு நான் எதிரியல்லன்.

கைத்துப்பாக்கியின் காரியத்திலோ, நம்மவர் எவருக்கும் கேட்கலாகாது. பிறர்க்குக் கொடுத்தால் வினவாமலும் இருக்கலாகாது. தற்காப்புக்கென்று பத்திரம் பெற்றவர் இன்னார், கொடுத்த காரணம் இன்னது, புதுப்பித்த ஆண்டு இன்னது என்ற பட்டியல் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் மக்கள் பார்வைக்கு இருக்கவேண்டும். உயிருக்கு ஆபத்துள்ள ஒருவரின் பெயரை வெளியிட்டால் ஆபத்துப் பெருகாதா என்று அதிகாரிகள் கேட்பர். அப்படி ஆபத்துள்ளவருக்குப் பொலிஸ் காவல் கொடுக்கட்டும்; சீருடையிட்ட காவலனை எல்லாரும் காண்பர், அவன் செய்ததற்கு எவர் பொறுப்பென்றும் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. நுவரெலியா மாவட்டத்தில் அத்தகைய பத்திரங்கள் எத்தனை என்று கேட்டு ஒரு விண்ணப்பம் எழுத, அட்டனிலோ தலவாக்கலையிலோ உள்ள நம் ஆசிரியர் சங்கம் ஒன்றுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதனைத் தமிழிலேயே எழுதலாம்.